மலாவி கிராமத்துப் பெண்களுக்குத் தையல் இயந்திரமா, மருத்துவ முகாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாவியின் தலைநகர் லிலாங்வேயில் வேலை பார்க்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறீர்கள். ம்சின்ஜி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். பாதிப் பேர் தையல் இயந்திரம் வாங்கித் தரலாம் என்கிறார்கள், மீதிப் பேர் மருத்துவ முகாம் நடத்தலாம் என்கிறார்கள், எது நல்லது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "உடம்பும் தேற வேண்டும், கையிலும் நாலு காசு நிற்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து வழி உண்டா" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். வழி உண்டு. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் இரண்டிலும் அது இல்லை என்பதுதான் என் எண்ணம்.

நான் சமூக மருத்துவம் படித்தவன். மலாவியின் மத்தியப் பகுதியில் ஒரு மிஷன் மருத்துவமனையிலும், பிறகு மாவட்ட சுகாதார அலுவலகங்களோடும் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். அதனால் பிரசவம், மலேரியா, எச்ஐவி பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். கடன், சேமிப்பு, வருமானம் பற்றிச் சொல்வது ஆய்வுகளைப் படித்தும் கிராமத்தில் பார்த்தும் தெரிந்துகொண்டது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. தெற்கே ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கும் வடக்கே தும்புகா மக்களின் ஊர்களும் வேறு மாதிரி. நான் எழுதுவதை அங்கே அப்படியே பொருத்தாதீர்கள்.

முதலில் ஒரு நினைப்பைத் தள்ளிவைக்க வேண்டும். கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள், நாம் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். மலாவியில் 2015-16 தேசியக் கணக்கெடுப்பிலேயே 91 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான் நடந்தன. 2010இல் அது 73 சதவீதம். அதே கணக்கெடுப்புகளின்படி ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இறந்த தாய்மார்கள் 2004இல் 984, 2010இல் 675, 2015-16இல் 439. அதுவும் கொடுமையான எண்தான், ஆனால் உலகத்தின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்று இந்தத் தூரம் வந்திருக்கிறது. கருவுற்ற பெண்களுக்கு மலேரியா தடுப்பு மாத்திரையை 1993லேயே நாட்டின் கொள்கையாக்கிய முதல் ஆப்பிரிக்க நாடு மலாவி. எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும், ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்த்துக் காத்திருக்காமல், வாழ்நாள் முழுவதுக்குமான மருந்தை உடனே தொடங்கலாம் என்று 2011இல் முடிவெடுத்ததும் இந்த நாடுதான். உலக சுகாதார நிறுவனமே பின்னால் 2013இல் அந்த வழிக்கு வந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களைப் பெரும்பாலும் செய்வது எம்பிபிஎஸ் படித்தவர்கள் இல்லை, கிளினிக்கல் ஆபீசர்கள், அதாவது டாக்டர் பட்டம் இல்லாமல் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுடைய பலன் டாக்டர்கள் செய்ததற்குக் குறைந்ததில்லை என்று 2007இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. நானும் அவர்களிடம்தான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

இறப்பு குறைந்ததற்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எச்ஐவி மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மிஷன் மருத்துவமனைகளில் பிரசவத்துக்கு வாங்கிய கட்டணத்தை அரசே கொடுத்துவிடும் என்று ஒப்பந்தம் போட்டதும், அந்த இடங்களில் பிரசவ எண்ணிக்கை கூடியது; அதுவும் உறுதி. ஊர்த் தலைவர்கள் வீட்டுப் பிரசவத்துக்கு ஆடு, கோழி என்று அபராதம் போட்டது பற்றி மட்டும் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். எண்ணிக்கை ஏறியிருக்கலாம், ஆனால் அந்த ஆட்டைக் கொடுத்தவள் யார்? நடு ராத்திரி வலி வந்து வண்டி கிடைக்காமல் வழியிலேயே பெற்றவள்.

அப்படியானால் பாக்கி இருக்கும் பிரச்சினை எங்கே? பிரசவ இறப்பை ஆராய்கிறவர்கள் மூன்று தாமதம் என்று சொல்வார்கள்: கிளம்பலாமா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. மலாவியில் முதலாவது நிறையக் குறைந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் இப்போது ஆளைக் கொல்கின்றன. அரசு நிலையத்தில் சிகிச்சை இலவசம், சரி, ஆனால் பிரசவத்துக்கு வரும் பெண்ணின் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். கட்டிலில் விரிக்க ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், தொப்புள்கொடி அறுக்க ரேசர் பிளேடு, கட்டுவதற்கு நூல், ஒரு பேசின், குழந்தையைச் சுற்ற இரண்டு மூன்று சித்தெஞ்சே (பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பருத்தித் துணி), மின்சாரம் போனால் ஏற்ற மெழுகுவத்தி. கூடவே மாவும் விறகும், ஏனென்றால் தேதிக்கு முன்னாலேயே வந்து மருத்துவமனையை ஒட்டிய கொட்டகையில் தங்கிக் காத்திருப்பாள், துணைக்கு வந்த அம்மாவோ அக்காவோ அங்கேயே ந்சீமா, அதாவது மக்காச்சோள மாவுக் களி, கிளறுவார்கள். இந்த மூட்டையைக் கட்டப் பணம் சேராததால் நாள் கடத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஏன்மா இவ்வளவு லேட்டாக வந்தாய்" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் நர்ஸ் மெல்லச் சொல்வாள், ஷீட் இல்லாமல் வந்தால் திட்டுவோம் என்று பயந்துவிட்டாள் என்று.

இனி வறுமைக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கின்றன. அந்த இடம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மழை நவம்பரில் தொடங்குகிறது, விதைக்கிறார்கள், போன வருடத்து மக்காச்சோளம் அதற்குள் தீர்ந்துவிடுகிறது, புது அறுவடை ஏப்ரலில்தான். இந்த நடு மாதங்களில் வீட்டில் சோளம் இல்லை, சந்தையில் விலை உச்சத்தில், மழையோடு கொசுவும் மலேரியாவும் உச்சத்தில், மண் சாலை சேறு. சாப்பாட்டுக்கு ஒரே வழி கன்யு, அதாவது அடுத்தவர் வயலில் அன்றாடக் கூலி. தன் வயலில் களை எடுத்தே ஆக வேண்டிய அதே வாரத்தில் அவள் அடுத்தவன் வயலில் களை எடுக்கிறாள். அவளுடைய பயிர் மெலிகிறது, அடுத்த வருடம் சோளம் இன்னும் சீக்கிரம் தீருகிறது. இதை ஆறு மாதக் கர்ப்பத்தோடு, ஒருவேளை சாப்பாட்டில், காய்ச்சலோடு செய்கிற பெண்ணை யோசியுங்கள். ரத்தசோகைக்கு நான் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாம், கொடுத்திருக்கிறேன். ஆனால் அவள் உடம்பைத் தின்பது இந்த நாலு மாதம்.

இந்த முடிச்சை அவிழ்க்க முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம், உங்கள் ம்சின்ஜிக்கு எல்லை தாண்டினால் வரும் சாம்பியாவின் சிப்பாட்டாவில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ஆய்வில், ஜனவரியில் குடும்பங்களுக்குப் பணமாகவோ மூன்று மூட்டை சோளமாகவோ கடன் கொடுத்தார்கள். சோளம் வாங்கியவர்கள் அறுவடை முடிந்ததும் நான்கு மூட்டையாகத் திருப்பித் தர வேண்டும். பெரும்பாலோர் திருப்பித் தந்தார்கள். கன்யுவுக்குப் போவது குறைந்தது, சாப்பாடு கூடியது, சொந்த வயலில் உழைப்பும் விளைச்சலும் கூடின. கடன் வாங்காத வீட்டுக்காரர்களுக்குக்கூடக் கூலி கொஞ்சம் ஏறியது. பெண்களின் உடல்நிலை எவ்வளவு தேறியது என்பதற்கு அது நேரடிச் சாட்சி இல்லை. அந்தத் தொடர்பைப் போடுவது மருத்துவனாக என் அனுமானம். ஆனாலும் உறுதியான அனுமானம்.

தையல் இயந்திரத்துக்கு ஏன் தலையாட்ட மாட்டேன் என்கிறேன்? லிலாங்வே சந்தையில் கவுஞ்சிகா குவியலைப் பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணி. அந்த விலைக்கு யாரும் புதுச் சட்டை தைத்து விற்க முடியாது. மிஞ்சுவது பள்ளிச் சீருடையும் சித்தெஞ்சே தையலும்தான். அதற்குக் கடைத் திண்ணைகளில் ஏற்கெனவே தையல்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். மலாவியிலேயே இளைஞர்களைக் கைத்தொழில் ஆசான்களிடம் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்த ஒரு ஆய்வும் உண்டு. குறுகிய காலத்தில் வருமானம் உயரவில்லை. பெண்கள் நடுவில் நின்றுபோனது அதிகம், பயிற்சிக்குப் போய்வர இருந்த சேமிப்பையும் கரைத்துக்கொண்டார்கள். குழந்தை, வீட்டு வேலை, தூரம் எல்லாம் அவர்கள் தலையில்தானே. ஒரு பெண் ஏற்கெனவே தைக்கிறாள், இயந்திரம்தான் பழுது என்றால் வாங்கிக் கொடுங்கள், அது வேறு விஷயம். பத்து இயந்திரம் வாங்கி ஒரு கூடத்தில் வைத்துத் திறப்பு விழா நடத்தாதீர்கள்.

முகாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருநாள் வந்து ரத்த அழுத்தம் பார்த்து ஒரு மாத மாத்திரை கொடுத்தால், முப்பத்தோராம் நாள் என்ன ஆகும்? கிராமத்துப் பெண்ணுக்குத் தேவையானது எல்லாமே தொடர்ந்து கிடைக்க வேண்டியவை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி, நிற்காமல் எச்ஐவி மருந்து, கர்ப்ப காலப் பரிசோதனை. இவற்றில் முடிந்ததை வீட்டருகே கொண்டுவருவதும், மற்றதற்கு நிலையத்துக்கு அனுப்புவதும் அரசு சம்பளத்தில் ஊரோடு இருக்கும் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர், ஆங்கில முதலெழுத்துகளில் எச்எஸ்ஏ என்பார்கள். இவர்கள் 2008இலிருந்து ஊசி போடவும் செய்கிறார்கள். முகாமுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை. இந்த நோய் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் மலாவி ஒன்று. சிறுமிகளுக்கான தடுப்பூசி 2019இல் வந்துவிட்டது, ஆனால் இப்போது முப்பது, நாற்பது வயதில் இருக்கும் அம்மாக்களுக்கு அது பயன்படாது. வினிகர் தடவிப் பார்த்து, சந்தேகமான இடத்தை அன்றைக்கே சூட்டுக் கருவியால் சுட்டு அகற்றிவிடலாம். மாவட்டக் குழு செய்ய வருகிறது, டீசலும் சாப்பாடும் நீங்கள் என்றால் சந்தோஷமாகச் செய்யுங்கள். நீங்களே டாக்டர் கூட்டிவந்து தனியாகச் செய்ய வேண்டாம்.

இனி நான் உண்மையில் நம்பும் விஷயம். உங்கள் கிராமத்தில் நிச்சயம் ஒரு பாங்கி ம்கோண்டே இருக்கும், திண்ணை வங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991இல் நைஜர் நாட்டின் மராடியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் பெண்களோடு தொடங்கிய முறை, இன்று ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. இருபது பேர் சுற்றி உட்காருவார்கள், நடுவில் தகரப் பெட்டி, அதில் மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வெவ்வேறு பெண்களிடம். ஒவ்வொருத்தி பங்குக்கும் அவளுடைய புத்தகத்தில் முத்திரை குத்துவார்கள், படிக்கத் தெரியாதவள்கூட எண்ணிப் பார்த்துக்கொள்வாள். சேர்ந்த பணம் அங்கேயே கடனாகப் போகும், வருடக் கடைசியில் வட்டியோடு பிரித்துக்கொள்வார்கள். ஓரத்தில் அவசரத்துக்கென்று ஒரு சிறு நிதி, சாவு, நோய் என்றால் எடுக்க. நம் மகளிர் குழுவிலிருந்து பெரிய வித்தியாசம், வங்கிக் கடன் இல்லை, எல்லாம் அவர்கள் காசு.

இதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். கானா, மலாவி, உகாண்டா மூன்றிலும் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வில், சேமிப்பும் கடன் வசதியும் சிறு வியாபாரமும் வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பும் கூடின. ஆனால் குடும்பத்தின் சராசரிச் செலவு, சாப்பாடு இவற்றில் உயர்வு தெரியவில்லை. மிக ஏழையான பெண் வாரப் பங்குக்குக் காசில்லாமல் வெளியிலேயே நிற்கிறாள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆக, இது வறுமையை ஒழிக்கும் மருந்து இல்லை. நம்பிக்கையான ஒரு கூட்டம், கணக்குப் பழக்கம், அவசர நிதி, இவை மூன்றும் தயாராகக் கிடைக்கும் இடம். அதன் மதிப்பு உடல்நல விஷயத்தில்தான் எனக்கு அதிகம் தெரிகிறது. உங்கள் ம்சின்ஜி மாவட்டத்திலேயே, கிராமப் பெண்கள் கூடி உட்கார்ந்து கர்ப்பத்தில் வரும் ஆபத்துகளைப் பேசி, தாங்களே தீர்வு முடிவு செய்யும் குழுக்களை வைத்து ஆய்வு நடந்தது. வங்கதேசம், இந்தியா, நேபாளம், மலாவி என நான்கு நாட்டு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டி 2013இல் வெளியிட்டபோது, கர்ப்பிணிகளில் மூன்றில் ஒரு பங்காவது கலந்துகொண்ட இடங்களில் தாய் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. நான்கு நாடும் ஒரே அளவில் இல்லை, தனித்தனியாகப் பார்த்தால் எண்கள் ஆடும். ஆனால் பேசிய குழுக்கள் என்ன செய்தன என்று கேட்டால் பதில் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வண்டிக்குப் பணம் சேர்த்தார்கள், பிரசவ மூட்டைக்குச் சாமான் வாங்கினார்கள், யார் துணைக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்தார்கள்.

அழகாகத் தெரிந்து ஏமாற்றிய இரண்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் எடுப்பார்கள். புகை குறைந்த அடுப்பு: மலாவியில் கரோங்கா, சிக்வாவா இரண்டு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவு வெளியானது, குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. விறகு மிச்சம் என்பதற்காகப் பெண்களே கேட்டால் கொடுங்கள், நோய் குறையும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம்: மலாவியின் சோம்பா மாவட்டத்தில் சில டாலர்கள் கொடுத்தபோது இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் குறைந்தன, எச்ஐவி இருந்தவர்கள் பணம் பெறாத பிள்ளைகளில் 3 சதவீதம், பெற்ற பிள்ளைகளில் 1.2 சதவீதம். அருமையான முடிவு. ஆனால் பணம் நின்று இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பள்ளிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் பணம் பெற்ற பிள்ளைகளிடம் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. நீங்கள் எத்தனை வருடம் தொடர முடியும் என்று தெரியாமல் அதில் இறங்க வேண்டாம்.

எனவே என் யோசனை. பணத்தின் பெரும்பகுதியை ஜனவரி சோளக் கடனுக்கு வையுங்கள், பாங்கி ம்கோண்டே மூலமாக. அறுவடை முடிந்து விலை குறைவாக இருக்கும்போது வாங்கி, பூச்சி அண்டாத பையில் சேமித்து, ஜனவரியில் கொடுத்து, அறுவடைக்குப் பின் சோளமாகவே திருப்பி வாங்குங்கள். ரொக்கமாக வைத்தால் உருகிவிடும், 2023 நவம்பரில் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தபோது ஒரே நாளில் டாலரின் விலை குவாச்சாவில் 44 சதவீதம் ஏறியது உங்களுக்கே தெரியும். குழுவில் சேர முடியாத ஏழைப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதில் ஒரு பங்கு தனியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் நிபந்தனையாக வையுங்கள். வேறு நிபந்தனை வேண்டாம். வறட்சி வருடத்தில் கடன் திரும்பாது, அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு இறங்குங்கள்.

சிறிய பகுதியை அவசர வண்டிக்கு. மலாவியின் மங்கோச்சி மாவட்டத்தில் சுகாதார நிலையங்களில் மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ் வைத்துப் பார்த்தபோது, பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்பும் தாமதம் 2 முதல் 4.5 மணி நேரம் வரை குறைந்தது. நீங்கள் வண்டி வாங்க வேண்டாம், பழுதானால் யார் பார்ப்பது என்ற சண்டை வரும். ஊரில் பைக் டாக்சி ஓட்டும் பையன்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேரோடு குழுவே ஒப்பந்தம் போட்டு, ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும், காசைப் பெட்டியிலிருந்து கொடுப்போம் என்று முடிவு செய்யட்டும். ரத்தம் போகும் பெண்ணைப் பைக்கின் பின்னால் உட்கார வைக்கக் கூடாது, அந்த நிலையில் மாவட்ட ஆம்புலன்ஸுக்கு டீசல் போடுவது அதே நிதியில் வரட்டும். வண்டி நிற்கக் காரணம் பல நேரம் டீசல்தான்.

மூன்றாவது தாமதத்துக்கு உங்களால் செய்ய முடிந்த ஒன்று உண்டு. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பிரசவத்தில் வடியும் ரத்தத்தை அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையில் பிடித்து, கோட்டைத் தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கியபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. கண் மதிப்பில் ரத்தத்தை அளந்த எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும், எவ்வளவு தப்பாக மதிப்பிடுவோம் என்று. மாவட்ட சுகாதார அதிகாரியிடம் போய், உங்கள் பிரசவ அறைகளில் இந்தப் பை இருக்கிறதா, பயிற்சி நடக்கிறதா, எதில் குறை என்று கேளுங்கள். அவர் வேறு ஒன்றைச் சொன்னால், ரத்த அழுத்தக் கருவி என்றோ தண்ணீர்த் தொட்டி என்றோ, அதையே செய்யுங்கள். ஊரிலிருந்து பழைய ஸ்கேன் இயந்திரம் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, யாரைப் பார்த்துப் பேசுவது என்பது. ஊர்த் தலைவரிடம் போகாமல் எதுவும் நகராது, அவரை முதலில் பாருங்கள். பிறகு எச்எஸ்ஏ, பிறகு பெண்களின் கூட்டம், அந்தக் கூட்டத்தில் ஆண்கள் இல்லாத நேரம் கொஞ்சம் வேண்டும். இந்தப் பகுதியில் அதிகம் வாழும் செவா மக்களிடம் நிலம் தாய்வழியில் வருவது வழக்கம் என்பதால் பெண்களே முடிவெடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தாய்மாமன் சொல்தான் பல வீடுகளில் கடைசிச் சொல், அவர்களையும் ஒருநாள் உட்கார வைத்துப் பேச வேண்டும். திண்ணை வங்கிகள் பல டிசம்பர் வாக்கில் பணத்தைப் பிரித்துவிட்டுப் புதுச் சுற்றைத் தொடங்கும். நீங்கள் ஏப்ரலில் போய்ப் பேசத் தொடங்கினால், மே, ஜூனில் சோளம் வாங்கி வைத்து, டிசம்பரில் யார் யாருக்கு எவ்வளவு என்று அவர்களே பட்டியல் போட்டு, ஜனவரி முதல் வாரத்தில் மூட்டை வீட்டுக்குப் போய்விடும். உங்கள் கையில் எவ்வளவு தொகை, கிராமத்தில் எத்தனை வீடு என்று எழுதினால் எத்தனை மூட்டை தேவைப்படும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.